ஜோடி சேராத ஸ்பீக்கரும் கடையின் பேரும்

பலசரக்குக் கடைக்காரர்களின் இதழில் ஸ்பீக்கரைப் பற்றி என்ன எழுத்து என்று அன்பர்கள் சிலர் கேட்கலாம். கேள்வி நியாயம்தான். ஆனால் எப்போதும்வென்றான், எட்டயபுரம், நாகலாபுரம், புதூர் வட்டாரத்தில் எந்தக் கடைக்குள் போனாலும் இன்று பருப்பு மூட்டைக்கும் புண்ணாக்கு மூட்டைக்கும் மேலே ஒரு கண்ணாடித் தட்டு இருக்கிறது. அதில் சார்ஜர் வயர், இயர்போன், மெமரி கார்டு, அவற்றுக்கு நடுவே கைக்கு அடக்கமான புளூடூத் ஸ்பீக்கர். முன்பு ரீசார்ஜ் கூப்பன் விற்றோம். அவரவர் செல்போனிலேயே ரீசார்ஜ் செய்துகொள்ளும் வழக்கம் வந்தபின் அந்தக் கமிஷன் போயிற்று. அந்த இடத்தை நிரப்ப வந்தவைதான் இந்தச் சாமான்கள். ஒரு கிலோ சீனியில் நிற்கும் காசோடு ஒப்பிட்டால் ஒரு ஸ்பீக்கரில் நிற்பது கண்ணுக்குத் தெரிகிற தொகை. ஆகவே இந்த வியாபாரத்தை யாரும் விடப் போவதில்லை, விடவும் வேண்டாம். ஆனால் பருப்பு விற்ற பழக்கத்திலேயே இதையும் விற்கப் போய் நாம் கெட்ட பேர் வாங்கிக்கொண்டிருக்கிறோம். அதைத்தான் இங்கே சொல்ல வந்தோம்.

கரிசல் காட்டில் காசு எப்போது புழங்கும் என்பது நமக்குத் தெரியும். புரட்டாசி, ஐப்பசியில் விதைத்து, வடகிழக்குப் பருவமழையை நம்பி இருந்து, தை, மாசியில் உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் வீடு வந்து சேர்ந்த பிறகுதான் கடைப் பாக்கி அடைபடும், கையில் நாலு காசு மிஞ்சும். அதைத் தொடர்ந்து கொடை, சடங்கு, கல்யாணம், காதுகுத்து. ஸ்பீக்கர் விற்பது அந்த மூன்று நான்கு மாதத்தில்தான். முதல் வருஷம் ஒன்று வாங்குகிறார்கள். வீட்டுத் திண்ணைக்கு அது போதும். மறுவருஷம் வீட்டில் ஒரு விசேஷம் வருகிறபோது, "இன்னொண்ணு வாங்கி ரெண்டையும் சேத்துப் பாட வைக்கலாமாமே" என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நம் கடையில் நடந்ததையே சொல்கிறோம். மாதச் சாமான் எடுக்கிற வாடிக்கையாளர் ஒருவர், மகள் சடங்குக்கு என்று இரண்டாவது ஸ்பீக்கர் கேட்டு வந்தார். முதலாவதும் நம் கடையில் வாங்கியதுதான். அதே கம்பெனி, அதே பெயர், அதே கறுப்பு நிறம். எடுத்துக் கொடுத்தோம். விலை ரூ.1,150. அதில் நமக்கு நிற்பது ரூ.140. "ரெண்டும் சேருமில்ல அண்ணாச்சி?" என்று கேட்டார். "ஒரே கம்பெனிதான தம்பி, சேராம எங்க போகும்" என்றோம். சொன்னது அவ்வளவுதான். மறுநாள் காலையில் கடை திறக்குமுன் வந்து நிற்கிறார். "சபையில வச்சு மானம் போச்சு அண்ணாச்சி. ஒண்ணு பாடுது, இன்னொண்ணு நீல லைட்டை மினுக்கிக்கிட்டு சும்மா உக்காந்திருக்கு. மச்சினன் முன்னால அரை மணி நேரம் அதோடயே மல்லுக்கட்டுனேன்" என்றார்.

இரண்டு பெட்டியையும் பக்கத்தில் வைத்துக் கண்ணாடி போட்டுப் பார்த்தோம். முன்பக்கத்தில் வித்தியாசம் ஒன்றும் இல்லை. பின்பக்கம் பொடி எழுத்தில் மாடல் எண். அதில் கடைசி எழுத்து மட்டும் வேறு. பழையது போன மாடல், புதியது இந்த வருஷ மாடல். ஒன்றோடு ஒன்று சேராது. அட்டைப்பெட்டியில் அதைப்பற்றி ஒரு வரி இல்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். மொத்தக் கடைக்காரர் பெட்டி கிழிந்துவிட்டது என்று திரும்ப வாங்கவில்லை. ஆறு மாதம் கிடந்து கடைசியில் ரூ.800-க்குப் போயிற்று. அது ரூ.210 நஷ்டம். அதை விடுங்கள். அந்த வீட்டுச் சாமான் சீட்டு இரண்டு மாதம் நம் கடைக்கு வரவில்லை. ஒரு வீட்டின் இரண்டு மாதப் பலசரக்கு என்றால் எவ்வளவு என்று உங்களுக்கு நாம் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்த மாதிரி சொன்னதற்கு அது கூலி.

இதிலிருந்து நாம் வந்திருக்கிற கருத்து ஒன்றுதான். இரண்டாவது ஸ்பீக்கர் கேட்டு வருகிறவர் காசு கொடுப்பது, அது முதலாவதோடு சேர்ந்து பாடும் என்பதற்காக. ஆகவே கடை மேசை மேலேயே இரண்டையும் சேர்த்துப் பாட வைத்துக் காட்டிய பிறகுதான் அவரிடம் பணம் வாங்க வேண்டும். பழைய ஸ்பீக்கரைக் கொண்டு வராமல் வந்தால், "போய் எடுத்துக்கிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்ப வேண்டும். வந்த வியாபாரத்தைத் தள்ளுவதா என்று பதற வேண்டாம். போய்விட்டு வருவார்.

ஏன் சேர்வதில்லை என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. வாடிக்கையாளருக்கு எடுத்துச் சொல்லவும் உதவும். புளூடூத் என்பது எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான ஏற்பாடு. பல கம்பெனிகள் சேர்ந்து 1998-இல் அமைப்பு ஒன்றை ஏற்படுத்தி, 1999-இல் முதல் விதிமுறையை வெளியிட்டன. அதனால்தான் எந்தக் கம்பெனி செல்போனும் எந்தக் கம்பெனி ஸ்பீக்கரோடும் பேசுகிறது. ஆனால் பாட்டு அனுப்புவதற்கென்று அதில் வகுத்த வழி, ஒரு போனிலிருந்து ஒரு ஸ்பீக்கருக்கு என்ற அளவில்தான் இருந்தது. போனிடமிருந்து ஒரு ஸ்பீக்கர் பாட்டை வாங்கி, அதை அடுத்த ஸ்பீக்கருக்குக் கைமாற்றிவிடுவது ஒவ்வொரு கம்பெனியும் தன் வசதிக்குச் செய்துகொண்ட சொந்த ஏற்பாடு. அதற்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயர் வைத்தார்கள். விலை குறைந்த ஸ்பீக்கர்களில் பெரும்பாலும் டி.டபிள்யூ.எஸ். என்று போட்டிருக்கும். சோனியில் பார்ட்டி கனெக்ட் என்பார்கள். ஒரு கம்பெனியின் ஏற்பாடு அடுத்த கம்பெனிக்குப் புரியாது.

அதைவிட மோசம், ஒரே கம்பெனிக்குள்ளேயே ஏற்பாடு மாறிவிடுவது. நமக்கெல்லாம் தெரிந்த ஜேபிஎல் கம்பெனியின் ஃப்ளிப் ரகத்தை எடுத்துக்கொள்வோம். 2017-இல் வந்த ஃப்ளிப் 4-இல் இருந்தது கனெக்ட் பிளஸ். 2019-இல் ஃப்ளிப் 5 வந்தபோது அதைப் பார்ட்டி பூஸ்ட் என்று மாற்றினார்கள். 4-ஐயும் 5-ஐயும் பக்கத்தில் வைத்தால் சேராது. 5-ம் 2021-இல் வந்த 6-ம் ஒரே பாட்டைச் சேர்ந்து பாடும். ஆனால் இடது, வலது என்று பிரித்துப் பாட வேண்டுமானால் இரண்டும் ஒரே மாடலாக இருந்தாக வேண்டும். 2025-இல் வந்த ஃப்ளிப் 7-இல் மறுபடியும் மாற்றம். இப்போது ஆரகாஸ்ட் என்கிறார்கள். அது 5, 6-இல் உள்ள பார்ட்டி பூஸ்டோடு சேராது. பேர் போன கம்பெனியிலேயே இப்படி என்றால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை உள்ளே இருக்கிற சில்லு மாறி, வெளியே இருக்கிற பெயர் மாறாமல் வருகிற ஆயிரம் ரூபாய்ச் சரக்கைப் பற்றி என்ன சொல்ல? அதே பேர் அச்சடித்த பெட்டி என்பதால் அதே சரக்கு என்று நாம் நம்பக் கூடாது. பருப்பில் கூட 'அதே பார்ட்டி சரக்கு' என்று மூட்டை வந்தால் ஒரு பிடி அள்ளிப் பார்த்துத்தானே இறக்குகிறோம்?

நம் ஊர்ப்பக்கம் இரட்டை நாயனம் கேட்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கோவில்பட்டியில் வாழ்ந்து 1964-இல் மறைந்த காருகுறிச்சி அருணாசலத்தின் ஊர்க்காரர்கள் நாம். இரண்டு பேர் சேர்ந்து வாசிக்க வேண்டுமானால் இரண்டு குழலும் ஒரே சுருதிக்கு அமைய வேண்டும். நாயனம் என்று பேர் இருந்தால் மட்டும் போதாது.

இனிக் கடையில் சேர்த்துக் காட்டும் முறை. இது மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும் என்றாலும் போக்கு ஒன்றுதான். முதலில் இரண்டு ஸ்பீக்கரிலும் சார்ஜ் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று நிறைந்தும் ஒன்று காலியாகவும் இருந்தால் பாதியில் ஒன்று படுத்துவிடும். வாடிக்கையாளர் அதைச் சேரவில்லை என்றுதான் நினைப்பார். அடுத்ததுதான் முக்கியம். கடையில் உள்ள எல்லாப் போன்களிலும், வாடிக்கையாளரின் போனிலும், கூட வந்த பையனின் போனிலும் புளூடூத்தை அணைத்துவிடச் சொல்லுங்கள். ஸ்பீக்கருக்குப் பழைய உறவு மறக்காது. ஸ்விட்சைப் போட்டதும், ஏற்கெனவே பழகிய போன் பக்கத்தில் இருந்தால் அதோடு போய் ஒட்டிக்கொள்ளும். போனோடு ஒட்டிக்கொண்ட ஸ்பீக்கர் பல மாடல்களில் இன்னொரு ஸ்பீக்கரைத் தேடாது. 'சேரவில்லை' என்று திரும்ப வந்த ஸ்பீக்கர்களில் சில, இந்த ஒரு காரணத்தால் வந்தவை என்று பின்னால்தான் நமக்குத் தெரிந்தது. ஒன்று அப்பாவின் போனோடும் ஒன்று மகனின் போனோடும் சேர்ந்துகொண்டு ரெண்டும் ரெண்டு பாட்டு பாடிய வேடிக்கையும் உண்டு.

போன்களை அணைத்த பிறகு இரண்டு ஸ்பீக்கரையும் போட்டு, ஏதாவது ஒன்றில் மட்டும் சேர்க்கும் பொத்தானை அழுத்த வேண்டும். சிலவற்றில் அதற்கென்று தனிப் பொத்தான் இருக்கும். சிலவற்றில் பாட்டு நிறுத்தும் பொத்தானை இரண்டு தடவை சேர்ந்தாற்போல் தட்ட வேண்டும். சிலவற்றில் புளூடூத் பொத்தானையே அழுத்திப் பிடிக்க வேண்டும். பெட்டிக்குள் இருக்கிற துண்டுக் காகிதத்தில் போட்டிருக்கும். அதைத் தூக்கி எறியாமல் மாடலுக்கு ஒன்று வீதம் கடையில் ஒரு நோட்டில் ஒட்டி வையுங்கள். சேர்ந்துவிட்டால் ஒரு சத்தம் கொடுக்கும், அல்லது மினுக்கிக்கொண்டிருந்த ஒரு விளக்கு நிலைக்கு வரும். அதற்குப் பிறகு போனில் புளூடூத்தைப் போட்டு, பட்டியலில் வருகிற பெயரைத் தொட வேண்டும். பெரும்பாலும் ஒரு பெயர்தான் வரும். இரண்டு பெயர் வந்தால் இன்னும் சேரவில்லை என்று அர்த்தம். அப்படியும் சேராவிட்டால் போனில் பழைய பெயரை அடியோடு நீக்கிவிட்டு, ஸ்பீக்கரையும் அந்தக் காகிதத்தில் சொன்னபடி பழைய நினைவை அழித்துவிட்டு, முதலிலிருந்து தொடங்குங்கள். பெரிய கம்பெனி ஸ்பீக்கர்களுக்குப் போனில் தனிச் செயலி உண்டு. அதன் வழியாக இரண்டையும் புதுப்பித்தால் சேர்ந்துகொள்வதும் உண்டு.

சாம்சங் போன் வைத்திருப்பவர்கள் சிலர், "என் போன் தானாவே ரெண்டு ஸ்பீக்கருக்கும் அனுப்புமே" என்பார்கள். உண்மைதான். 2017-இல் வந்த கேலக்ஸி எஸ் 8 முதற்கொண்டு அந்த வசதி இருக்கிறது. வேறு வேறு கம்பெனி ஸ்பீக்கர் என்றாலும் பாடும். ஆனால் ஒவ்வொரு ஸ்பீக்கரும் பாட்டைப் பிரித்து வெளியே விட எடுத்துக்கொள்கிற நேரம் வேறு. ஆகவே ஒன்று முன்னேயும் ஒன்று பின்னேயுமாக, கிணற்றுக்குள் பேசுகிற மாதிரி கேட்கும். இதையும் மேசையிலேயே போட்டுக் காட்டிவிட வேண்டும். "இது பரவாயில்லை" என்று அவரே சொன்னால் கொடுங்கள்.

இன்னொன்றையும் சோதித்துவிடுங்கள். நம் ஆட்கள் பாதிப் பேர் மெமரி கார்டைச் செருகித்தான் பாட்டுப் போடுகிறார்கள். சில மாடல்களில் போனிலிருந்து வரும் பாட்டு மட்டுமே இரண்டாவது ஸ்பீக்கருக்குப் போகும். கார்டுப் பாட்டு முதலாவதோடு நின்றுவிடும். இது பெட்டியில் போட்டிருக்காது. விசேஷ வீட்டில்தான் தெரிய வரும்.

இவ்வளவும் செய்ய எவ்வளவு நேரம் ஆகும்? பழகியவருக்குப் பத்து நிமிஷம். கடையில் கூட்டம் நிற்கிறபோது பத்து நிமிஷம் பெரிசுதான். ஆகவே காலையில் பால் வாங்குகிற நேரத்திலும் சாயந்திரம் பஸ் வருகிற நேரத்திலும் இந்த வியாபாரத்தை வைத்துக்கொள்ளாதீர்கள். மத்தியானம் வரச் சொல்லுங்கள். வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் இதை அதனிடம் ஒப்படைத்துவிடலாம்.

"பெட்டியைப் பிரித்துவிட்டால் சரக்கு பழசாகிவிடுமே" என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். இதற்கு நம் பதில், பிரிக்காமல் கொடுத்துப் பிரிந்து திரும்பி வருகிற பெட்டியைவிட, நாமே பக்குவமாகப் பிரித்த பெட்டி மேல் என்பதுதான். ஒட்டுத்தாளைப் பிளேடால் நேராகக் கீறினால் மறுபடி ஒட்டலாம். மகளுக்கு மாப்பிள்ளை வீட்டார் முன்னால் பாட வைக்கிற அவசரத்தில் அவர் பிரித்தால் பெட்டி பெட்டியாக இருக்காது. இன்னும் நல்ல வழி, மாடலுக்கு ஒரு ஸ்பீக்கரை மாதிரிக்கென்று வெளியே வைத்துக்கொள்வது. அதோடு சேர்த்துப் பார்த்துவிட்டு, அதே மாடல் எண், அதே கடைசி எழுத்து உள்ள மூடிய பெட்டியைக் கொடுக்கலாம். இதுவும் முழு உத்தரவாதம் ஆகாது என்றாலும் முக்கால்வாசிச் சண்டை மிச்சம்.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று பில்லின் அடியில் அச்சடித்துவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பவர்களும் நம்மில் உண்டு. அந்தக் காலம் போய்விட்டது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. குறையுள்ள பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள், அப்படிக் காலம் எதுவும் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள் திரும்ப வாங்க மறுப்பதை அது நியாயமற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. பில் கொடுக்காமல் இருப்பதும் அதே பட்டியலில்தான். தனித்தனியே நன்றாகப் பாடுகிற இரண்டு ஸ்பீக்கர் சேராமல் போவது குறையா இல்லையா என்று வக்கீல்கள் வாதாடலாம். ஆனால் கடைக்காரர் வாயால் "சேரும்" என்று சொல்லி விற்று, அது சேராமல் போனால், பொருளைப் பற்றித் தவறாகச் சொல்லி விற்றதாக ஆகும். அதற்கும் அதே சட்டத்தில் இடம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்கு மாவட்ட ஆணையத்தில் மனுக் கட்டணம் கூடக் கிடையாது. ஆயிரம் ரூபாய் ஸ்பீக்கருக்கு யாரும் தூத்துக்குடி வரை போக மாட்டார்கள் என்று சொல்லலாம். போக வேண்டியதே இல்லை. நாலு பேரிடம் சொன்னாலே நமக்குப் போதும்.

பில்லைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறோம். ஸ்பீக்கருக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். முறையான பில்லோடு கொள்முதல் செய்யாத சரக்கை எந்த மொத்தக் கடையிலும் திருப்பிக் கேட்க முடியாது. 2020-இல் வந்த மத்திய அரசு அறிவிப்பில் புளூடூத் ஸ்பீக்கரும் கட்டாயப் பதிவுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதன்படி இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரையும், 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் பொருளில் இருக்க வேண்டும். பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். எண் இல்லாத சரக்கு கிலோக் கணக்கில் மலிவாகக் கிடைக்கிறது என்று சென்னை ரிச்சி தெருவிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வருகிறவர்கள் ஒரு முறைக்கு இரண்டு முறை யோசிக்க வேண்டும். அந்த மூட்டையில் எது எதோடு சேரும் என்று மூட்டை கட்டியவருக்கே தெரியாது.

மொத்த வியாபாரிகளுக்கும் நாம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்களும் நம் சங்கத்தவர்களே. கோபப்பட மாட்டார்கள் என்று நம்புகிறோம். ஒரு பெட்டி சரக்கு அனுப்பும்போது பழைய மாடலையும் புது மாடலையும் கலந்து அனுப்பாதீர்கள். மாடல் மாறினால் விலைப் பட்டியலில் ஒரு வரி போடுங்கள். 'முன் சரக்கோடு சேராது' என்று மூன்று வார்த்தை போதும். கிராமத்துக் கடைக்காரன் எடுப்பது இரண்டோ நாலோதான். ஒன்று திரும்பினால் அவனுக்கு மற்றதன் லாபமும் போகிறது. உங்களுக்கு அது நூற்றில் ஒன்று. பெட்டி கிழிந்ததைக் காரணம் காட்டாமல், பொருள் சுத்தமாக இருந்தால் பத்து நாளைக்குள் மாற்றித் தருவது என்று ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினால் உங்கள் கணக்கும் பாக்கி நிற்காமல் அடைபடும். ஆன்லைனில் வாங்குகிறவருக்குத் திருப்பி அனுப்பச் சில நாள் அவகாசம் கிடைக்கிறது. அந்த வசதியை நாம் கொடுக்க முடியாமல் இருப்பது நம் கையில் இல்லை, உங்கள் கையில் இருக்கிறது. ஆன்லைன்காரரால் முடியாதது, பழைய ஸ்பீக்கரையும் புதியதையும் ஒரே மேசையில் வைத்துப் பாட வைத்துக் காட்டுவது. அது நம்மால் முடியும்.

சேர்ந்து பாடினாலும் எல்லாம் கிடைத்துவிடும் என்று ஆசை காட்டவும் கூடாது. "ரெண்டு வாங்குனா சத்தம் ரெண்டு மடங்கு" என்று விற்கிறவர்களைக் கேட்டிருக்கிறோம். அப்படி இல்லை. ஒரே அளவுள்ள இன்னொரு ஸ்பீக்கர் சேர்ந்தால் 3 முதல் 6 டெசிபல் வரை கூடும். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும். ஆகவே சத்தம் கொஞ்சம் கூடும், பரவலாகக் கேட்கும், அவ்வளவே. ரேடியோ செட் போடுகிற இடத்தில் இது இரண்டையும் வைத்துச் சமாளித்துவிடலாம் என்று யாராவது நினைத்தால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பழைய பாட்டுகள் பெரும்பாலும் மோனோவில் பதிவானவை என்பதால் இடம், வலம் பிரித்துப் போட்டாலும் அவற்றுக்குப் பெரிய மாற்றம் தெரியாது. புதுப் பாட்டில் தெரியும்.

தூரமும் அப்படித்தான். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே சுமார் 10 மீட்டர் வரை விடலாம் என்பது வெறும் இடத்தில் போட்ட கணக்கு. புளூடூத் அலையை மனித உடம்பு குடித்துவிடும். காலி முற்றத்தில் ஜோராகப் பாடியது, பந்தியில் ஆட்கள் உட்கார்ந்ததும் அறுந்து அறுந்து பாடும். ஆளுயரத்துக்கு மேலே வைக்கச் சொல்ல வேண்டும். போன மாசியில் ஒருவர், மக்காச்சோளக் காட்டில் காட்டுப்பன்றி விரட்ட இரண்டு மூலையில் இரண்டு ஸ்பீக்கர் வைத்துச் சேர்த்துவிடலாமா என்று கேட்டார். அந்தத் தூரத்துக்குச் சேராது. இரண்டிலும் தனித்தனி மெமரி கார்டு போட்டு, தனித்தனியே பாட விடுங்கள் என்றோம். பன்றிக்குத் தாளம் தப்பினால் தெரியவா போகிறது? அவர் சிரித்துக்கொண்டே இரண்டு வாங்கிப் போனார்.

நாமே கடை வாசலில் இரண்டை வைத்து விலை சொல்லிப் பாட விடுவதும் கூடிவருகிறது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த இடத்தில் ஒலிபெருக்கி கூடாது. பக்கத்தில் பள்ளிக்கூடம் இருந்தால் பகலிலும் கவனம் வேண்டும். இதற்கு மேல் இங்கே சொல்ல ஒன்றும் இல்லை.

சரக்கைச் சேமித்து வைப்பதில் ஒரு குறிப்பு. விசேஷ மாதம் போய்விட்டால் மிஞ்சிய ஸ்பீக்கர் ஆடி, ஆவணி முழுக்கத் தகரக் கொட்டகை வெயிலில் கிடக்கிறது. உள்ளே இருப்பது லித்தியம் பாட்டரி. அடியோடு காலியாகிக் கிடந்தாலும் கெடும், சூட்டிலும் கெடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாதி அளவு சார்ஜ் ஏற்றி, கீழ்த்தட்டில் நிழலில் வையுங்கள். ஜோடியில் ஒன்று தளர்ந்த பாட்டரி என்றால் அந்த ஜோடியே தளர்ந்தது மாதிரிதான்.

இத்தனையும் கடைக்காரர் தலையில் சுமத்த வேண்டியதா என்று கேட்டால், இல்லை. பெட்டி தயாரிக்கிறவர் செய்ய வேண்டிய வேலையை நாம் செய்துகொண்டிருக்கிறோம். சார்ஜர் கதை நினைவிருக்கும். நோக்கியா தடித்த பின், மெல்லிய பின், அதற்குப் பிறகு மைக்ரோ யு.எஸ்.பி. என்று கடையில் தோரணம் கட்டித் தொங்கவிட்டோம். ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து சட்டம் போட்டு, 2024 டிசம்பர் 28 முதல் அங்கே விற்கும் செல்போனுக்கும் கையடக்க ஸ்பீக்கருக்கும் டைப் சி என்ற ஒரே வகை வாய்தான் என்று ஆக்கின. இன்று நம் தட்டிலும் பெரும்பாலும் அந்த வயர்தான். ஒயரில் முடிந்தது, ஒயர் இல்லாததில் ஏன் முடியாது? புளூடூத் அமைப்பே 2022-இல் ஆரகாஸ்ட் என்ற பொது ஏற்பாட்டை அறிவித்திருக்கிறது. ஒரு இடத்திலிருந்து எத்தனை ஸ்பீக்கருக்கு வேண்டுமானாலும் பாட்டை விடலாம் என்பது அதன் அமைப்பு. அது எல்லா விலைச் சரக்குக்கும் வந்து சேர நாள் ஆகும். வந்தாலும் வீடுகளில் இருக்கிற பழைய ஸ்பீக்கருக்கு அது ஏறாது. உள்ளே இருக்கிற சில்லு அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். அதுவரை அட்டைப்பெட்டியில் ஒரு வரியாவது வேண்டும்.

பெட்டியில் அதிகபட்ச விலை, தயாரித்த மாதம், இறக்குமதியாளர் முகவரி, எந்த நாட்டுச் சரக்கு, புகார் சொல்ல வேண்டிய தொலைபேசி எண் எல்லாம் போட வேண்டும் என்று எடையளவுச் சட்டம் சொல்கிறது, போடுகிறார்கள். அதோடு 'இது எந்தெந்த மாடலோடு சேரும்' என்ற வரியையும் கட்டாயமாக்க வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை. ஆண்டுதோறும் மே 5-ஆம் தேதி வணிகர் தினத்தில் எத்தனையோ தீர்மானம் போடுகிறோம். வரி, உரிமம், ஆன்லைன் வியாபாரம் என்று பெரிய விஷயங்கள் நிறைய இருக்கும். அவற்றின் கடைசியில் இதையும் ஒரு தீர்மானமாகச் சேர்க்க நம் கிளைச் சங்கம் எழுதி அனுப்ப வேண்டும் என்பது நம் வேண்டுகோள். பெரிய கடைக்காரர்களுக்கு இது சின்ன விஷயமாகப் படலாம். இரண்டு ஸ்பீக்கர் எடுத்து வைத்து விற்கிற கடைக்கு அப்படி இல்லை.

அதுவரைக்கும் நம் கடையில் ஒரு ரப்பர் ஸ்டாம்பு செய்து வைத்திருக்கிறோம். பில்லின் பின்பக்கத்தில் குத்தி, கோடிட்ட இடத்தில் கையால் எழுதிக் கொடுக்கிறோம். அதில் உள்ள வாசகம்: 'பழைய மாடல் எண் ........ புதிய மாடல் எண் ........ இரண்டும் கடையில் சேர்த்துப் பாட வைத்துக் காட்டப்பட்டது. மெமரி கார்டில் சேரும் / சேராது. தேதி ........ வாங்கியவர் கையெழுத்து ........' வேண்டுகிற அன்பர்கள் இதே வாசகத்தைச் செய்துகொள்ளலாம். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொல்லுங்கள். நாம் செய்தது பொடியாகப் போய்விட்டது, மாடல் எண் எழுத இடம் பத்தவில்லை.